யூஎஸ்பி டிரைவர்: 20 மெகாபைட் வரவேண்டிய இடத்தில் 3 தான் வருகிறது

ஊசிமுனை (ஞாயிறு, இரவு 9:12)

எல்லோருக்கும் வணக்கம். எஃகுத் தகடுக்குள் விரிசல் இருக்கிறதா என்று மீயொலி அலை அனுப்பிப் பார்க்கும் கருவி ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் செய்துகொண்டிருக்கிறேன். திரும்பி வரும் எதிரொலியை 8 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லு) ஒன்று வினாடிக்கு 2 கோடி முறை அளக்கிறது. அதாவது வினாடிக்கு 20 மெகாபைட். ஏடிசியின் வெளியீடு நேரே சைப்ரஸ் எஃப்எக்ஸ்2எல்பி சில்லுக்குப் போகிறது. அங்கிருந்து யூஎஸ்பி 2.0 வழியாகக் கணினிக்கு. சில்லில் எண்ட்பாயிண்ட் 2-ஐ (டேட்டா வெளியேறும் வாயில்) பல்க் வகையாக (மொத்தமாக அனுப்பும் முறை), 512 பைட் பஃபர் (டேட்டா தற்காலிகமாகத் தங்கும் இடம்) நான்காக வைத்திருக்கிறேன். ஆட்டோ-இன் முறைதான் (பஃபர் நிறைந்ததும் தானே அனுப்பத் தயாராகும்), உள்ளே இருக்கும் 8051 செயலி டேட்டாவைத் தொடுவதே இல்லை.

லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டிரைவர் நானே எழுதியது. ரீட் அழைப்பு வந்தால் 'யூஎஸ்பி_பல்க்_எம்எஸ்ஜி' மூலம் 512 பைட் கேட்டு வாங்கி, பயனர் நிரலுக்குக் கொடுக்கிறேன். வேலை செய்கிறது, ஆனால் வினாடிக்கு 3.1 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. யூஎஸ்பி 2.0 என்றால் 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட் என்றுதானே சொல்கிறார்கள்? கேபிளை மாற்றிப் பார்த்தேன், போர்ட்டை மாற்றிப் பார்த்தேன். இரண்டு வாரமாக இதிலேயே நிற்கிறேன். எங்கே பார்ப்பது என்று யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தெப்பம் (ஞாயிறு, இரவு 10:05)

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். 'எல்எஸ்யூஎஸ்பி -டி' கொடுத்தால் மரம் போலக் காட்டும். உங்கள் கருவிக்கு எதிரே 480எம் என்று இருக்கிறதா, 12எம் என்று இருக்கிறதா? 12 என்றால் ஃபுல்-ஸ்பீடில், அதாவது 12 மெகாபிட்டில், இணைந்திருக்கிறது. அதில் பல்க் பாக்கெட்டே 64 பைட்தான், ஒரு மில்லிவினாடியில் அதிகபட்சம் 19 பாக்கெட். என்ன செய்தாலும் 1.2 மெகாபைட்டைத் தாண்டாது. உங்களுக்கு 3.1 வருவதால் 480 ஆகத்தான் இருக்கும். இருந்தாலும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

60 மெகாபைட் என்பது கம்பியில் ஓடும் பிட் கணக்கு. ஹை-ஸ்பீடில், அதாவது 480 மெகாபிட்டில், காலம் 125 மைக்ரோவினாடித் துண்டுகளாக ஓடுகிறது, மைக்ரோஃபிரேம் என்பார்கள். ஒரு மைக்ரோஃபிரேமில் 512 பைட் பல்க் பாக்கெட் 13-க்கு மேல் அடங்காது. 13 × 512 × 8000 = 53.2 மெகாபைட். அதுதான் உச்சவரம்பு. நடைமுறையில் 40-ஐ ஒட்டி வந்தாலே நல்ல டிரைவர். உங்களுக்குத் தேவை 20, அதாவது ஒரு மைக்ரோஃபிரேமுக்கு 5 பாக்கெட் போதும். கம்பியில் இடம் தாராளமாக இருக்கிறது.

இப்போது உங்கள் 3.1-ஐப் பாருங்கள். 512 பைட் வீதம் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 6000 கோரிக்கை; ஒன்றுக்கு 165 மைக்ரோவினாடி. ஆனால் 512 பைட் கம்பியில் கடக்க 10 மைக்ரோவினாடிகூட ஆகாது. மீதி 155 மைக்ரோவினாடி கம்பி சும்மா கிடக்கிறது. உங்கள் டிரைவர் கேட்கிறது, காத்திருக்கிறது, வாங்குகிறது, எழுந்து வருகிறது, பயனர் நிரலுக்குப் போகிறது, திரும்பி வந்து மறுபடி கேட்கிறது. இந்த நடைதான் நேரத்தைத் தின்கிறது.

யூஎஸ்பியில் கருவி தானாக எதையும் அனுப்ப முடியாது என்பதை மறக்கக் கூடாது. ஹோஸ்ட், அதாவது கணினி, கேட்டால்தான் கொடுக்கும். கேட்காத நேரமெல்லாம் வீண்தான்.

நடுநிசி (ஞாயிறு, இரவு 11:31)

512-க்குப் பதிலாக 16384 கேளுங்கள். ஒரே வரி மாற்றம். உடனே வித்தியாசம் தெரியும். அந்த பஃபரை ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் தற்காலிக நினைவகம்) வைத்திருந்தால் கேமல்லாக்குக்கு (கர்னலில் தனியாக நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) மாற்றிவிடுங்கள். ஸ்டாக் நினைவகத்தில் டிஎம்ஏ (சிபியு இல்லாமல் வன்பொருளே நினைவகத்தில் எழுதுவது) செய்யக் கூடாது.

ஊசிமுனை (திங்கள், காலை 7:48)

480எம் தான் காட்டுகிறது. தெப்பம் அண்ணா சொன்ன கணக்கை நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கம்பி நூற்றில் ஆறு பங்கு நேரம்தான் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அசந்துவிட்டேன்.

நடுநிசி சொன்னபடி 16 கிலோபைட் ஆக்கினேன். 18.9 மெகாபைட்! ஒரே வரியில் ஆறு மடங்கு! மிக்க நன்றி. இரவெல்லாம் தூங்காமல் இருந்ததற்கு இப்போதுதான் பலன். 20-க்கும் 18.9-க்கும் இடையில் இருப்பது சின்ன வித்தியாசம்தான், இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

மண்வாசம் (திங்கள், காலை 9:20)

தம்பி, அங்கே நிறுத்திவிடாதீர்கள். ஏடிசி நிற்காமல் 20 தருகிறது, உங்களுக்கு 18.9 வருகிறது. அப்படியானால் மீதி 1.1 எங்கே போனது? அது மெதுவாக வரவில்லை, தொலைந்துபோனது. கோப்பை நகலெடுக்கும்போது வேகம் குறைந்தால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஏடிசி காத்திருக்காது. பஃபர் நிறைந்தால் அடுத்த மாதிரியைக் கீழே கொட்டிவிடும். விரிசலின் எதிரொலி அந்தக் கொட்டிய பகுதியில் இருந்தால் தகடு நல்ல தகடு என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். எனக்கு அதுதான் கவலை.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஏடிசியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு 8 பிட் கவுன்ட்டரை வையுங்கள், அதே 20 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில். 0, 1, 2 என்று 255 வரை போய் மறுபடி 0 வர வேண்டும். வரும் பைட்டுகளில் முந்தையதைவிட ஒன்று கூடாமல் எங்கே தாவுகிறது என்று பாருங்கள். 256-இன் மடங்காகத் தொலைந்தால் மட்டும் கண்ணில் படாது, அது அரிது.

ஊசிமுனை (திங்கள், இரவு 8:55)

மண்வாசம் அக்கா சொன்னது சரிதான். கவுன்ட்டர் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு 16 கிலோபைட்டிலும் ஒரு முறிவு இருக்கிறது. விதிவிலக்கே இல்லை.

புரியாத ஒன்று: முறிவு கோரிக்கையின் தொடக்கத்தில் இல்லை. ஒவ்வொன்றிலும் சரியாக 2048-வது பைட் தாண்டியதும் வருகிறது. எண்ணி எண்ணிப் பார்த்தேன், மாறவே இல்லை. கோரிக்கை எல்லையில்தானே முறிய வேண்டும்?

தெப்பம் (திங்கள், இரவு 9:40)

அருமையான தடயம். அந்த 2048 உங்கள் சில்லின் ஃபிஃபோதான், முதலில் வந்ததை முதலில் கொடுக்கும் பஃபர் வரிசை. 512 பைட் பஃபர் நான்கு, மொத்தம் 2048.

நடப்பது இதுதான். ஒரு கோரிக்கை முடிகிறது. அடுத்தது போகும்வரை கணினி கேட்கவில்லை. அந்த இடைவெளியில் ஏடிசி கொட்டுவதை ஃபிஃபோ வாங்கி வைத்துக்கொள்கிறது. 2048 பைட் வரை ஒழுங்காக. நிறைந்த பிறகு வருவது கீழே போகிறது. அப்புறம் அடுத்த கோரிக்கை வந்ததும் முதலில் அந்த 2048-ஐத்தான் கொடுக்கும், அதில் முறிவு இருக்காது. அதற்கு அடுத்த பைட்தான் தொலைந்ததற்குப் பிந்தையது.

இடைவெளி எவ்வளவு என்றுகூடச் சொல்லிவிடலாம். 18.9 மெகாபைட் வேகத்தில் 16384 பைட் வரும் நேரத்துக்குள் ஏடிசி ஏறத்தாழ 17340 பைட் தந்திருக்கும். ஆக ஒவ்வொரு முறையும் 950 பைட் போல இழப்பு. அது 48 மைக்ரோவினாடி. 2048 பைட் நிறைய 102 மைக்ரோவினாடி. இரண்டையும் கூட்டினால் 150. நேற்று 512 பைட்டுக்கு வந்த 155-உடன் பொருந்துகிறது பாருங்கள்.

அதனால் கோரிக்கையை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த 150 மைக்ரோவினாடி பள்ளம் அப்படியேதான் இருக்கும். 1 மெகாபைட் கேட்டால் சராசரி 19.98 என்று வரும், அழகாகத் தெரியும். ஆனால் மெகாபைட்டுக்கு ஒரு முறிவு உள்ளே ஒளிந்திருக்கும். சராசரி வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

பள்ளத்தைக் குறைக்கும் வேலை வேண்டாம். பள்ளமே இல்லாமல் செய்ய வேண்டும். ஒரு கோரிக்கை முடியும்போது அடுத்தது ஏற்கெனவே ஹோஸ்ட் கண்ட்ரோலரின் (கணினியில் யூஎஸ்பியை நடத்தும் வன்பொருள்) வரிசையில் நின்றுகொண்டிருக்க வேண்டும். அப்போது சிபியு தூங்கினாலும் கண்ட்ரோலர் தானே அடுத்ததற்குப் போய்விடும்.

'யூஎஸ்பி_பல்க்_எம்எஸ்ஜி' உள்ளே ஒரு யூஆர்பி (ஒரு யூஎஸ்பி கோரிக்கையின் விவரம்) உருவாக்கி, அனுப்பி, முடியும்வரை உங்களைத் தூங்க வைக்கிறது. கட்டளை அனுப்பவும் பதில் வாங்கவும் நல்லது. நிற்காமல் ஓடும் டேட்டாவுக்கு அது உதவாது. நீங்களே எட்டு யூஆர்பி ஒதுக்கி, எட்டையும் ஒரேயடியாக அனுப்பிவிடுங்கள். ஒன்று முடிந்ததும் அதன் கம்ப்ளீஷன் ஃபங்ஷன் அழைக்கப்படும். அங்கே டேட்டாவை எடுத்துக்கொண்டு அதே யூஆர்பியை மறுபடி அனுப்புங்கள்.

சாலையோரம் (திங்கள், இரவு 10:18)

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். என்னுடையதும் யூஎஸ்பிதான், ஆனால் சீரியல் மாற்றி. எஃப்டிடிஐ சில்லு. நான் 10 பைட் கட்டளை அனுப்பினால் 8 பைட் பதில் வரும். வினாடிக்கு 60 தடவைக்கு மேல் செய்ய முடியவில்லை. நானும் யூஆர்பி வரிசை போட வேண்டுமா?

தெப்பம் (திங்கள், இரவு 10:41)

வேண்டாம், உங்கள் பிரச்சினை வேறு. அந்தச் சில்லில் லேட்டன்சி டைமர் என்று ஒன்று இருக்கிறது, இயல்பாக 16 மில்லிவினாடி. பாக்கெட் நிறையாவிட்டால் அவ்வளவு நேரம் காத்திருந்துதான் அனுப்பும். பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கான ஏற்பாடு அது, பெரிய டேட்டாவுக்கு நல்லதுதான். 8 பைட் பதிலுக்கு அது சுமை. 1000-ஐ 16-ஆல் வகுத்தால் 62. உங்கள் 60 அங்கிருந்துதான் வருகிறது. சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) டிடிஒய்யூஎஸ்பி0-க்குக் கீழே 'லேட்டன்சி_டைமர்' கோப்பில் 1 என்று எழுதிப் பாருங்கள்.

சாலையோரம் (திங்கள், இரவு 11:02)

சரியாகிவிட்டது. மூன்று மாதமாக இருந்த தொல்லை. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கரிசல் (செவ்வாய், காலை 6:30)

ஊசிமுனை, ஒரு கேள்வி. இதற்குக் கர்னல் டிரைவர் எதற்கு? லிப்யூஎஸ்பி நூலகத்தை வைத்துப் பயனர் தளத்திலேயே, அதாவது கர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாகவே, இதையெல்லாம் செய்யலாமே. தவறு செய்தால் நிரல் மட்டும் விழும், கணினி விழாது. சிக்ராக் மென்பொருள் இதே எஃப்எக்ஸ்2 சில்லை வைத்து 24 மெகாஹெர்ட்ஸில் 8 தடம் பதிவு செய்கிறது. அதற்கென்று கர்னல் டிரைவரே கிடையாது, எல்லாம் லிப்யூஎஸ்பிதான்.

தெப்பம் சொன்ன அதே முறை அங்கும் உண்டு. 'லிப்யூஎஸ்பி_சப்மிட்_டிரான்ஸ்ஃபர்' பலவற்றை முன்கூட்டியே வரிசையில் போட்டுவிடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: யூஎஸ்பிகோர் மாட்யூலின் 'யூஎஸ்பிஎஃப்எஸ்_மெமரி_எம்பி' என்ற வரம்பு இயல்பாக 16 மெகாபைட். எல்லா நிரல்களும் வரிசையில் வைத்திருக்கும் பஃபர்களின் கூட்டு அதைத் தாண்டினால் நினைவகம் இல்லை என்று பிழை வரும்.

நடுநிசி (செவ்வாய், காலை 8:15)

கரிசல் சொல்வதை ஏற்கிறேன், பாதிதான். மேசைக் கணினிக்கு லிப்யூஎஸ்பி போதும். ஆனால் இதே டேட்டாவை இரண்டு மூன்று நிரல்கள் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், கருவியைப் பிடுங்கினால் ஒழுங்காக மூட வேண்டும் என்றெல்லாம் வந்தால் கர்னலில் இருப்பது வசதி. வேகத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதே என் அனுபவமும். கர்னலில் எழுதினாலே வேகம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இழையின் முதல் பதிவே அதற்கு மறுப்பு: கர்னல் டிரைவர், 3.1 மெகாபைட்.

ஊசிமுனை (செவ்வாய், காலை 8:50)

கருவியைக் கடைசியில் ஒரு சின்ன ஏஆர்எம் பலகையில் வைத்துத் தொழிற்கூடத்துக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே பதிவு செய்யும் நிரல் ஒன்று, திரையில் காட்டும் நிரல் ஒன்று என்று இரண்டு ஓடும். அதனால்தான் கர்னல் டிரைவர். கரிசல் சொன்னதுபோல முதலில் லிப்யூஎஸ்பியில் செய்து பார்த்திருந்தால் இந்த இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும் என்பது உண்மை.

யூஆர்பி அளவும் எண்ணிக்கையும் எப்படித் தேர்ந்தெடுப்பது? 8 × 16 கிலோபைட்டா, 2 × 64 கிலோபைட்டா, 32 × 4 கிலோபைட்டா?

மண்வாசம் (செவ்வாய், காலை 10:05)

நீங்கள் சொன்ன மூன்றும் கூட்டினால் 128 கிலோபைட்தான். 20 மெகாபைட் வேகத்தில் அது 6.5 மில்லிவினாடி. சிபியு வேறு வேலையில் சிக்கிக்கொண்டாலும் அவ்வளவு நேரம் வரை டேட்டா தொலையாது என்று எடுத்துக்கொள்ளலாம். தாக்குப்பிடிக்கும் நேரத்தைக் கூட்டுத்தொகை முடிவு செய்கிறது.

2 × 64-இல் ஒரு சிக்கல்: ஒன்று முடிந்து நீங்கள் அதைக் கையில் வைத்திருக்கும்போது வரிசையில் ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது. கையில் பாதி போய்விட்டது. 8 × 16-இல் ஒன்று கையில் இருந்தாலும் ஏழு நிற்கும். 32 × 4 போட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 4900 தடவை கம்ப்ளீஷன் வரும், மேசைக் கணினி தாங்கும், சின்னப் பலகைக்குச் சுமை. 8 × 16-இல் அது 1220 தான். உங்கள் வேலைக்கு அதுவே நல்ல நடு. திரையில் உடனே காட்ட வேண்டிய கருவிக்கு பெரிய யூஆர்பி கூடாது, நிறைந்து முடியும்வரை டேட்டா உங்கள் கைக்கு வராது என்பதால்.

அளவு எதுவானாலும் 512-இன் மடங்காக இருக்கட்டும். 1000 பைட் கேட்டு, கருவி 512 பைட் பாக்கெட் இரண்டு அனுப்பினால் இரண்டாவது பாக்கெட் கேட்ட அளவைத் தாண்டி வழிந்துவிடும். யூஆர்பி ஓவர்ஃப்ளோ பிழையோடு திரும்பும்.

ஃபர்ம்வேரிலும் (சில்லுக்குள் ஓடும் நிரல்) ஒரு பார்வை. 512-க்குக் குறைவான பாக்கெட் ஒன்று வந்தால் ஹோஸ்ட் அதை முடிவு என்று எடுத்துக்கொண்டு யூஆர்பியை அங்கேயே முடித்துவிடும். கருவி 200 பைட், 300 பைட் என்று அரைகுறையாக அனுப்பினால் நீங்கள் 16 கிலோபைட் கேட்டும் பயனில்லை. ஆட்டோ-இன் நீளம் 512 தானா என்று ஃபர்ம்வேரில் பார்த்துவிடுங்கள். வேறு ஒரு கருவியில் டிரைவரை மாற்றி மாற்றி எழுதி நான் ஒரு மாதம் தொலைத்தது இந்த ஒரு எண்ணுக்காகத்தான்.

தெப்பம் (செவ்வாய், காலை 11:20)

கம்ப்ளீஷன் ஃபங்ஷன் பற்றிச் சில வார்த்தை. அது தூங்கக் கூடாத இடம். உள்ளே ம்யூடெக்ஸ் (கிடைக்கும்வரை தூங்க வைக்கும் பூட்டு) பூட்டாதீர்கள். மறுபடி அனுப்பும்போது நினைவகக் கொடி ஜிஎஃப்பி_கர்னல் (தூங்கலாம்) அல்ல, ஜிஎஃப்பி_அட்டாமிக் (தூங்காது). ஸ்டேட்டஸைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்: கருவியைப் பிடுங்கினாலோ நீங்களே ரத்து செய்தாலோ இஷட்டவுன், இநோஎன்ட், இகான்ரீசெட் என்று பிழைக்குறி வரும், அப்போது பேசாமல் திரும்பிவிட வேண்டும். இபைப் வந்தால் எண்ட்பாயிண்ட் ஸ்டால் ஆகியிருக்கிறது, அதாவது முடங்கி நிற்கிறது. அதைத் தெளிய வைக்கும் 'யூஎஸ்பி_கிளியர்_ஹால்ட்' தூங்கக்கூடிய அழைப்பு என்பதால் ஒர்க்கியூவில் (தூங்கக்கூடிய வேலைகளைப் பிறகு செய்யும் வரிசை) போட்டுச் செய்யுங்கள். எல்லா யூஆர்பிகளையும் ஒரு ஆங்க்கரில் கட்டிவைத்தால் டிஸ்கனெக்ட் நேரத்தில் ஒரே அழைப்பில் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

ஊசிமுனை (புதன், இரவு 11:10)

எழுதி முடித்தேன். 8 × 16. மேசைக் கணினியில் 20.0, ஒரு மணி நேரம் ஓட்டியும் ஒரு முறிவுகூட இல்லை!

ஆனால் ஏஆர்எம் பலகையில் போட்டதும் கதை மாறிவிட்டது. முறிவுகள் வருகின்றன, ஒழுங்கே இல்லை. சில சமயம் பத்து வினாடிக்கு ஒன்று, சில சமயம் ஒரே வினாடியில் மூன்று. ஒரு சிபியு கோர் முழுக்க இதற்கே போகிறது. கம்ப்ளீஷனில் நான் செய்வது: பஃபரிலிருந்து ஒரு ரிங் பஃபருக்கு (சுற்றிச் சுற்றி நிரப்பும் பஃபர்) மெம்காப்பி (நகல்), 100 யூஆர்பிக்கு ஒருமுறை பிரிண்ட்கே (கர்னல் செய்தி அச்சிடுவது), மறுபடி அனுப்புவது. அவ்வளவுதான். பஃபர்களை 'யூஎஸ்பி_அல்லாக்_கோஹரென்ட்' மூலம் ஒதுக்கினேன், ஒவ்வொரு முறையும் டிஎம்ஏ மேப்பிங் (பஃபரை டிஎம்ஏவுக்குத் தயார் செய்வது) செய்யும் செலவு மிஞ்சும் என்று படித்ததால்.

நடுநிசி (புதன், இரவு 11:48)

பிரிண்ட்கேயை எடுங்கள். பலகையின் கன்சோல் (கர்னல் செய்தி வெளிவரும் இடம்) சீரியல் போர்ட்டில் இருந்தால், வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு எழுத்து வெளியேற 87 மைக்ரோவினாடி. 80 எழுத்து வரி என்றால் 7 மில்லிவினாடி. உங்கள் வரிசை தாங்குவது 6.5. மேசைக் கணினியில் சீரியல் கன்சோல் இல்லாததால் தெரியவில்லை.

எண்ணிக்கை வேண்டுமென்றால் ஒரு மாறியில் கூட்டிக்கொண்டே போய் டீபக்எஃப்எஸ் வழியாகக் காட்டுங்கள். என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க யூஎஸ்பிமான் இருக்கிறது. வயர்ஷார்க்கில் திறந்தால் ஒவ்வொரு யூஆர்பியும் எப்போது போனது, எப்போது திரும்பியது என்று நேரத்தோடு தெரியும்.

மண்வாசம் (வியாழன், காலை 7:05)

பிரிண்ட்கே முறிவுகளுக்குக் காரணமாக இருக்கும், ஆனால் கோர் முழுக்கப் போவதற்கு அது போதாது. உங்கள் மெம்காப்பி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பாருங்கள். எனக்குக் கோஹரென்ட் பஃபர் மேல்தான் சந்தேகம்.

எக்ஸ்86 கணினியில் டிஎம்ஏவும் சிபியு கேஷும் (சிபியுவுக்குள் இருக்கும் வேக நினைவகம்) வன்பொருளிலேயே ஒத்துப்போகும். கோஹரென்ட் என்று கேட்டாலும் சாதாரண, கேஷ் செய்யப்படும் நினைவகம்தான் கிடைக்கும். பல ஏஆர்எம் பலகைகளில் அந்த ஏற்பாடு இல்லை. அங்கே ஒத்துப்போக ஒரே வழி அந்த நினைவகத்தைக் கேஷ் செய்யாமலே விடுவது. அப்படிப்பட்ட பஃபரிலிருந்து படித்தால் ஒவ்வொரு முறையும் சிபியு டிராம் (முதன்மை நினைவகம்) வரை போய்வர வேண்டும். சின்னச் சின்னக் கட்டளைகளுக்குப் பரவாயில்லை. வினாடிக்கு 20 மெகாபைட்டைச் சிபியு படிக்க வேண்டிய இடத்தில் அது பெரும் செலவு.

பஃபர்களைக் கேமல்லாக்கில் ஒதுக்கி, டிஎம்ஏ மேப் வேண்டாம் என்று சொல்லும் கொடியை எடுத்துவிடுங்கள். யூஎஸ்பி கோர் தானே மேப் செய்து, கேஷைச் சுத்தம் செய்து கொடுக்கும். அந்தச் செலவு இதைவிட மிகக் குறைவு.

ஊசிமுனை (வியாழன், இரவு 9:30)

அளந்தேன். கோஹரென்ட் பஃபரிலிருந்து 16 கிலோபைட் நகலெடுக்க 610 மைக்ரோவினாடி. ஒவ்வொரு 819 மைக்ரோவினாடிக்கும் ஒரு யூஆர்பி முடிகிறது, அதில் 610 நகலுக்கே போயிருக்கிறது! கேமல்லாக்குக்கு மாற்றியதும் 12 மைக்ரோவினாடி. மூன்று முறை மறுபடி அளந்த பிறகுதான் நம்பினேன்.

வேகத்துக்காக என்று நான் தேடிப் பிடித்துச் சேர்த்த வரிதான் என்னைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது. பிரிண்ட்கேயும் போய்விட்டது. இப்போது பலகையிலும் 20.0, முறிவு இல்லை. அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

கரிசல் (வியாழன், இரவு 10:15)

அந்த நகலைக்கூடத் தவிர்க்கலாம். கையில் சில பஃபர்களைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, நிறைந்ததை அப்படியே ரீட் பக்கம் தள்ளிவிட்டு, காலியான ஒன்றை யூஆர்பியில் மாட்டி அனுப்புங்கள். 12 மைக்ரோவினாடிதான் என்பதால் இப்போது அவசரமில்லை.

ஊசிமுனை (சனி, காலை 9:00)

நேற்று இரவு 8 மணி நேரம் ஓடவிட்டேன், கவுன்ட்டரை வைத்தே. 576 ஜிகாபைட் கடந்திருக்கிறது, எதையும் சேமிக்கவில்லை, சரிபார்த்து விட்டுவிட்டேன். ஒரு முறிவுகூட இல்லை.

பிறகு காலையில் பலகையில் ஒரு பென்டிரைவைச் செருகிப் பழைய பதிவுகளை நகலெடுத்தேன். உடனே முறிவுகள் வர ஆரம்பித்தன. நகல் முடிந்ததும் நின்றுவிட்டது. சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. இதற்கு என்ன செய்வது?

தெப்பம் (சனி, காலை 10:25)

பல்க் வகைக்குக் கம்பியில் ஒதுக்கீடு கிடையாது. மிஞ்சும் இடத்தை எல்லா பல்க் எண்ட்பாயிண்டுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பென்டிரைவும் பல்க்தான். ஒரு மைக்ரோஃபிரேமில் 5 பாக்கெட் உங்களுக்கு வேண்டும். பென்டிரைவ் நடுவில் புகுந்து உங்கள் முறை தள்ளிப்போனால் 102 மைக்ரோவினாடியில் ஃபிஃபோ நிறைந்துவிடும். இது டிரைவரில் தீரக்கூடியது அல்ல. யூஆர்பி நூறு போட்டாலும் கம்பியில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஐசோக்ரோனஸ் என்ற இன்னொரு வகைக்கு மாறினால் இடம் முன்பதிவு ஆகிவிடும். மைக்ரோஃபிரேமுக்கு 1024 பைட் மூன்று, அதாவது வினாடிக்கு 24.5 மெகாபைட் வரை. 1024 பைட் பஃபர் நான்கு என்று வைத்தால் ஃபிஃபோவும் 4 கிலோபைட் ஆகும். ஆனால் கம்பியில் ஒரு பாக்கெட் கெட்டுப்போனால் மறுபடி அனுப்பாது. பல்க் அனுப்பும். வெல்டிங் இயந்திரங்கள் ஓடும் தொழிற்கூடத்தில் நான் அந்தப் பாதுகாப்பை விடமாட்டேன்.

பலகையில் எத்தனை ஹோஸ்ட் கண்ட்ரோலர் இருக்கிறது? 'எல்எஸ்யூஎஸ்பி -டி' காட்டும் மரத்தில் பென்டிரைவும் உங்கள் கருவியும் ஒரே வேரின் கீழ் இருக்கின்றனவா?

ஊசிமுனை (சனி, மதியம் 12:40)

ஒரே வேரின் கீழ்தான் இருந்தன, நடுவில் பலகையின் உள் ஹப். பக்கவாட்டில் இருக்கும் தனி போர்ட் வேறு கண்ட்ரோலர். பென்டிரைவை அங்கே மாற்றினேன். நகலெடுத்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டேன், முறிவு இல்லை. பெட்டியில் வைக்கும்போது கருவிக்கான போர்ட்டில் வேறு எதையும் செருக முடியாதபடி மூடிவிடப்போகிறேன்.

திங்களன்று ஏடிசியை மறுபடி மாட்டுகிறேன். கவுன்ட்டரைக் கழற்றிப் போடாமல் ஒரு சுவிட்ச் வைத்து உள்ளேயே விட்டுவிடுகிறேன், ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க.

மண்வாசம் (சனி, மதியம் 1:15)

அந்தச் சுவிட்சை முன்பக்கமே வையுங்கள், தம்பி. கருவியைத் தொழிற்கூடத்தில் ஓட்டப்போகிறவர் கையில் அது எட்ட வேண்டும்.